பிணையும் முகதாட்சிணியமும்

தியானப் பகுதி: எண்ணாகமம் 35:9–34



2024 டிசம்பரில், மாலை ஜெபக் கூட்டம் முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்த வேளையில், நம் மூப்பர் ஒருவர் என்னிடம் வந்து, "ஐயா, பெயரும் பணமும் இருந்தால் கொலை வழக்கிலும் பிணை கிடைத்துவிடுகிறதே, சாமானியனுக்கு நீதி எங்கே இருக்கிறது?" என்று வருத்தத்தோடு கேட்டார். கன்னட நடிகர் தர்ஷனுக்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் பிணை வழங்கிய வாரம் அது. பின்பு, 2025 ஆகஸ்ட் 14 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தப் பிணையை ரத்து செய்தது. செய்தி வெளியான சற்று நேரத்தில் நம் வாலிபர் ஒருவர் அதை எனக்கு அனுப்பி, "ஐயா, நீதி வென்றுவிட்டது" என்று எழுதியிருந்தார்.

மூப்பருக்கு அன்று நான் தெளிவாகப் பதில் சொல்லவில்லை. வாலிபருக்கும் உடனே "ஆமென்" என்று எழுத என் மனம் இடம் கொடுக்கவில்லை. இருவரும் கேட்பது நியாயமான ஒன்றையே. ஆயினும் வேத வெளிச்சத்தில் அதைச் சற்று நிதானமாகச் சீர்தூக்கிப் பார்க்கவேண்டும் என்று தோன்றியதால், இந்த வாரத் தியானத்தை அதற்கென ஒதுக்குகிறேன்.

முதலில் நடந்தவற்றை நினைவுகூர்வோம். 2024 ஜூன் 9 அன்று பெங்களூருவில் ஒரு கழிவுநீர்க் கால்வாயின் அருகே சித்ரதுர்காவைச் சேர்ந்த 33 வயது மனிதர் ஒருவரின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அவர் அந்த நடிகரின் ரசிகர் என்றும், நடிகருக்கு நெருக்கமான ஒரு பெண்ணுக்கு ஆபாசச் செய்திகள் அனுப்பினார் என்பதற்காகக் கடத்திச் செல்லப்பட்டுச் சித்திரவதை செய்து கொல்லப்பட்டார் என்றும் காவல்துறை கூறுகிறது. ஜூன் 11 அன்று நடிகர் கைது செய்யப்பட்டார். மொத்தம் 17 பேர் குற்றஞ்சாட்டப்பட்டனர். இறந்தவருடைய குடும்பத்தின் துயரம் ஊடகங்களில் போதுமான அளவுக்கு அலசப்பட்டுவிட்டபடியால் அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவர் ஒரு தாய்க்கு மகன். கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்குக் கணவர். அவ்வளவு தெரிந்தால் நமக்குப் போதும்.

அக்டோபர் 30 அன்று, முதுகுத்தண்டு அறுவைச் சிகிச்சைக்கென நடிகருக்கு ஆறு வார இடைக்காலப் பிணை கிடைத்தது. டிசம்பர் 13 அன்று முறையான பிணையும் கிடைத்தது. கர்நாடக அரசு மேல்முறையீடு செய்தது. நீதியரசர்கள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் ஆகியோர் அடங்கிய அமர்வு இப்போது அவருடைய பிணையோடு மேலும் ஆறு பேரின் பிணையையும் ரத்து செய்துவிட்டது. இதை எழுதும் நாளில் அவர் குற்றஞ்சாட்டப்பட்டவர் மாத்திரமே. குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்பளிக்கவில்லை.

பிரியமானவர்களே, இந்தக் கடைசி வாக்கியத்திலிருந்து நம் தியானத்தைத் தொடங்குவோம். பிணை என்பது விடுதலை அன்று. பிணை மறுக்கப்படுவது தண்டனையும் அன்று. விசாரணைக்கு ஒழுங்காக வருவாரா, சாட்சிகளை அச்சுறுத்துவாரா, தடயங்களை அழிப்பாரா என்று பார்த்து, தீர்ப்பு வரும்வரை ஒருவர் எங்கே இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் முடிவு செய்கிறது. குற்றத்தின் கடுமையும் அதில் கணக்கிடப்படும். எனவே, "கொலை வழக்கில் பிணையே கூடாது" என்று நாம் சொல்வோமானால், பொய்வழக்கில் சிக்கிய ஏழைக்கும் அந்தக் கதவை நாமே அடைத்துவிடுகிறோம்.

தேவன் இஸ்ரவேலுக்குக் கொடுத்த ஒழுங்கைக் கவனியுங்கள். யோர்தானுக்கு இருபுறமும் மும்மூன்றாக ஆறு அடைக்கலப்பட்டணங்களை அவர் ஏற்படுத்தச் சொன்னார். ஒருவனுடைய கையால் ஓர் உயிர் போயிற்று என்றால், அவன் அங்கே ஓடிப்போகலாம். சபைக்கு முன்பாக நின்று விசாரிக்கப்படும்வரை, பழிவாங்குகிறவன் அவனைத் தொடக்கூடாது. சொந்த இரத்தத்தைப் பறிகொடுத்தவனுடைய கோபம் எவ்வளவு உண்மையானது என்பதைக் கர்த்தர் அறியாதவரல்லர். ஆனாலும் அந்தக் கோபத்தின் கையில் நியாயத்தீர்ப்பை அவர் ஒப்படைக்கவில்லை. ஒரே சாட்சியைக் கொண்டு எவனையும் கொல்லக்கூடாது என்றும் அதே அதிகாரம் கட்டளையிடுகிறது.

அப்படியானால் நம் மூப்பரின் வருத்தம் தவறானதா? இல்லை. அந்த அடைக்கலப்பட்டணத்தின் ஒழுங்கில் வேறு இரண்டு காரியங்களும் உண்டு. முதலாவது, அதன் வாசல் இஸ்ரவேல் புத்திரனுக்கும், பரதேசிக்கும், அவர்கள் நடுவே தங்குகிறவனுக்கும் ஒன்றுபோலவே திறந்திருக்கவேண்டும். இரண்டாவது, கொலைபாதகனுடைய உயிருக்காக மீட்கும்பொருள் வாங்கக்கூடாது. செல்வம் நியாயத்தின் தராசைத் தொடக்கூடாது என்பதே அதன் பொருள். பெரியவன், சிறியவன் என்ற வித்தியாசம் நுழைந்த இடத்தில் அடைக்கலம் என்பது சலுகையாகிவிடுகிறது.

மக்களின் ஐயம் எழுந்தது இந்த இடத்தில்தான். 2024 ஆகஸ்டில் பரப்பன அக்ரஹாரா சிறையின் புல்வெளியில், கையில் சிகரெட்டும் கோப்பையுமாக, ரவுடிப் பட்டியலில் உள்ளவர்களோடு அந்த நடிகர் நாற்காலியில் அமர்ந்திருந்த படத்தை நாடே பார்த்தது. சிறை அதிகாரிகள் பலர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர் பல்லாரி சிறைக்கு மாற்றப்பட்டார். அறுவைச் சிகிச்சைக்கென்று பிணை பெற்றவர், அறுவைச் சிகிச்சை நடைபெறாமலே மருத்துவமனையிலிருந்து வெளியேறினார். இவற்றையெல்லாம் கண்ட ஒரு கூலித் தொழிலாளி, "எனக்கு இப்படி நடக்குமா?" என்று கேட்டால், அந்தக் கேள்வியில் பொறாமை என்று நாம் குற்றம் காண முடியாது. லேவியராகமம் 19:15-ல் கர்த்தரே எழுப்பிய கேள்வியின் எதிரொலி அது.

உச்ச நீதிமன்றமும் இந்த ஐயத்தைத் தள்ளிவிடவில்லை. கைதுக்கான காரணங்கள் உரியபடி எழுத்தில் தரப்படவில்லை என்பது உயர் நீதிமன்றம் பிணைக்குச் சொன்ன காரணங்களுள் ஒன்று. அதனால் குற்றஞ்சாட்டப்பட்டவர்களுக்குப் பாதிப்பு நேர்ந்ததாகக் காட்டப்படாத நிலையில், அது மாத்திரம் பிணைக்குப் போதாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. புகழ் எவரையும் சட்டத்துக்கு மேலே உயர்த்தாது என்பதை வலியுறுத்தியதோடு, சிறைக்குள் சிறப்புச் சலுகை காட்டப்பட்டால் அதிகாரிகள் பதில் சொல்லவேண்டிவரும் என்றும் எச்சரித்தது. முகதாட்சிணியம் பார்க்கிற நியாயாதிபதிகளைப் பற்றி மோசே சொன்னதையே, நம் நாட்டுச் சட்டமும் தன் மொழியில் சொல்லியிருக்கிறது. இதற்காக நாம் தேவனை ஸ்தோத்தரிக்கலாம்.

ஆனாலும் நம் வாலிபரிடம் நான் ஒன்று சொல்லவேண்டும். இன்னும் நீதி வெல்லவில்லை. விசாரணை நியாயமாக நடப்பதற்கான தடை ஒன்று மாத்திரமே நீங்கியிருக்கிறது. சாட்சிகள் கூண்டில் ஏறவேண்டும். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்யும் உரிமை எதிர்த்தரப்புக்கு இருக்கவேண்டும். அந்த நடிகர் குற்றமற்றவர் என்று முடிவானால் அதையும் நாம் ஏற்கவேண்டும். தீமை செய்வதற்குத் திரளானோரைப் பின்பற்றக்கூடாது என்று யாத்திராகமம் 23-ஆம் அதிகாரம் நம்மை எச்சரிக்கிறது. காவல் நிலையத்தின் வாசலில் நடிகரின் பெயரைச் சொல்லி முழங்கிய கூட்டமும் ஒரு திரள்தான். "விசாரணை எதற்கு, தூக்கிலிடுங்கள்" என்று கைபேசியில் எழுதிய கூட்டமும் ஒரு திரள்தான்.

மூன்றாவது ஒரு கூட்டமும் உண்டு. "அப்படிப்பட்ட செய்திகளை அனுப்பியவனுக்கு இது வேண்டியதுதான்" என்று இறந்தவரைப் பற்றிப் பேசியவர்கள். நம் சபையின் வாட்ஸ்அப் குழுவிலும் அத்தகைய வார்த்தைகள் வந்தன என்பதை வேதனையோடு சொல்கிறேன். ஒரு பெண்ணை அவமதிப்பது பாவம்; சட்டப்படி குற்றமும்கூட. அதை விசாரிக்கக் காவல் நிலையம் உண்டு, நீதிமன்றம் உண்டு. அடித்துக் கொல்லும் உரிமை எவருக்கும் கொடுக்கப்படவில்லை. பழிவாங்குகிறவனையே தடுத்து நிறுத்திய தேவன், இறந்தவன்மேல் கல்லெறிகிற நம் நாவை எப்படிப் பார்ப்பார்?

இனி, நம்மைப் பற்றிய ஒரு காரியம். மூப்பர் கேட்ட கேள்வியின் மறுபாதி இதுதான்: சாமானியனுக்குப் பிணை எப்படிக் கிடைக்கிறது?

2022-ஆம் ஆண்டின் முடிவில் இந்தியச் சிறைகளில் ஏறத்தாழ 5,73,000 பேர் இருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 4,34,000 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பேர், குற்றவாளி என்று தீர்க்கப்படாதவர்கள். பிணை உத்தரவு பெற்றும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளேயே கிடக்கிறவர்களும் இவர்களில் உண்டு. 1978-ல் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த ஏழைக் கொத்தனார் ஒருவருக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்கப்பட்டது. அவருடைய சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருந்ததால் அவருடைய ஜாமீனும் மறுக்கப்பட்டது. நீதியரசர் கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணைப்பத்திரத்தின் பேரில் அவரை விடுவிக்கச் சொன்னார். அதற்குப்பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. நிலைமை முற்றிலும் மாறிவிடவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிளைச்சிறையில் ஊழியம் செய்தபோது, இருசக்கர வாகனம் திருடியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓர் இளைஞனைச் சந்தித்தேன். உணவகத்தில் வேலை செய்தவன். பிணை உத்தரவு வந்து இரண்டு மாதமாகியிருந்தது. சொத்து ஆவணமும் வரி ரசீதும் உள்ள இரண்டு ஜாமீன்தாரர்கள் தேவைப்பட்டார்கள். அவன் தாய் பூ விற்கிறவர், வாடகை வீடு. நான் அப்போதைய சபையின் நிர்வாகக் குழுவில் இதைச் சொன்னேன். சொந்த வீடு உடையவர்கள் பலர் அங்கே அமர்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. கடைசியில் ஒருவர், அந்நியனுக்காகப் பிணைப்படுகிறவன் வருத்தப்படுவான் என்ற கருத்துடைய நீதிமொழியை நினைவூட்டினார். நானும் அத்தோடு விட்டுவிட்டேன். மேலும் இரண்டு மாதம் கழித்து, இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் மனுச் செய்து நிபந்தனையைத் தளர்த்தியபின் அவன் வெளியே வந்தான். அதற்குள் அவன் வேலை போயிருந்தது. அந்த இரண்டு மாதத்தில் என் மௌனத்துக்கும் பங்கு உண்டு.

நீதிமொழியின் எச்சரிப்பு பொய்யன்று. யோசனையின்றி, தன்னால் தாங்க முடியாத கடனுக்குக் கைகொடுக்கிறவனுக்கு அது ஞானமான புத்திமதி. ஆனால் அதே வேதத்தில் யூதா தன் தம்பி பென்யமீனுக்காகத் தகப்பனிடம் பிணைப்பட்டான். தெசலோனிக்கேயாவில் யாசோன் ஜாமீன் கொடுத்தான். ஒநேசிமு ஏதாவது நஷ்டம் செய்திருந்தால் அதைத் தன் கணக்கில் வைக்கும்படி பவுல் தன் கையாலே எழுதிக்கொடுத்தார். நம் ஆண்டவரையே எபிரெயருக்கு எழுதின நிருபம் பிணையாளி என்று அழைக்கிறது. நமக்காகப் பிணைப்பட்ட ஒருவரால் இரட்சிக்கப்பட்ட நாம், பிரபலமான ஒருவருக்குப் பிணை எளிதாகக் கிடைத்ததே என்று முறையிடும்போது, பெயரற்ற ஒருவனுக்குப் பிணை கிடைக்காமற்போன நாளில் எங்கே இருந்தோம் என்ற கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும்.

செய்யக்கூடியவை உண்டு. பிணை உத்தரவு கிடைத்து ஏழு நாளுக்குள் ஒருவர் விடுவிக்கப்படாவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. ஒரு மாதத்துக்குள் ஜாமீன் கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று நீதிமன்றம் பார்க்கலாம். இதை அறியாத குடும்பங்கள் நம் தெருவிலும் இருக்கலாம். அவர்களோடு ஆணைக்குழுவின் அலுவலகத்துக்கு நடந்துசெல்ல நமக்குச் சொத்துப் பத்திரம் தேவையில்லை. நம் சபையின் வழக்கறிஞர் சகோதரர்களோடு இதைப் பற்றிப் பேச, வருகிற ஞாயிறு ஆராதனைக்குப்பின் சற்று நேரம் ஒதுக்கியிருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் தங்கியிருங்கள்.

மூப்பர் அவர்களே, உங்கள் வருத்தம் நியாயமானது, அதை விட்டுவிடாதேயுங்கள். தம்பி, உன் மகிழ்ச்சியும் நல்லதுதான். ஆனால் தீர்ப்பு வரும்வரை காத்திரு. காத்திருக்கும் நாளில், அந்த விதவையையும் அவள் பிள்ளையையும் ஜெபத்தில் நினை. சிறையில் இருக்கிறவர்களையும் நினை. அவர்களில் அந்த நடிகரும் ஒருவர்.

ஜெபம்: நீதியுள்ள நியாயாதிபதியே, பெரியவனுக்கு அஞ்சாமலும், சிறியவனை மறவாமலும் நியாயம் விசாரிக்கிறவர்களை எங்கள் தேசத்துக்குத் தாரும். மகனை இழந்த பெற்றோரைத் தேற்றும். சாட்சி சொல்ல வருகிறவர்களின் பயத்தை நீக்கும். எங்கள் நாவைக் காத்துக்கொள்ளும். நீர் எங்களுக்காகப் பிணைப்பட்டதை மறவாமல், பிறருக்காகக் கைகொடுக்க எங்களுக்குத் தைரியம் தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.