தகரப்பெட்டியை எரிக்க வேண்டாம்



பிலிமத்தலாவையிலிருந்து கொழும்புப் பக்கம் பஸ் ஏறினால் சற்று நேரத்தில் கடுகண்ணாவை. கண்டி வீதியை அமைத்த கப்டன் டோசனின் நினைவாக 1832இல் கட்டிய கோபுரம் அங்கே நிற்கிறது. பழைய ரயில் எஞ்சின்களுக்கும் 2014இல் ஒரு நூதனசாலை திறந்துவிட்டார்கள். கண்டிப் பக்கம் போனால் ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று இன்று தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. கண்டி மகியாவை மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை. 1892இல் லூல்கந்துரையில் இறந்த அவரைத் தொழிலாளர்கள்தான் கண்டிவரை சுமந்து வந்தார்கள். கல்லில் டெய்லரின் பெயர் இருக்கிறது. சுமந்தவர்களின் பெயர் இல்லை.

வீதிக்கும் ரயிலுக்கும் தேயிலைக்கும் துரைக்கும் இடம் கிடைத்திருக்கிறது. நமக்கு எங்கே என்று கேட்டால், கம்பளைக்கு அப்பால் பாரதெக்கவுக்குப் போகவேண்டும். அங்கே பழைய பீக்கொக் தோட்டத்தில், லயக்காம்பிராக்களிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலையையும் ஆவணக் காப்பகத்தையும் கண்டி சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் திறந்தது. நம் பாட்டிமார் பாவித்த சாமான்களும் கருவிகளும் பழைய கடதாசிகளும் அங்கே உள்ளன. பிள்ளைகளைக் கண்டிக்குச் சுற்றுலா கூட்டிப்போகும் நம்மில் எத்தனை பேர் அங்கே கூட்டிப்போனோம்?

பிறரைக் குறை சொல்லுமுன் நம் குற்றத்தைச் சொல்லிவிடுகிறோம். சில வருடங்களுக்கு முன் நமது சங்கக் காரியாலயம் இடம் மாறியபோது பழைய கூட்டக் குறிப்புப் புத்தகங்களை இரண்டு சாக்கில் கட்டி, நிறைக்குப் போட்டு விற்றோம். பாதியைக் கறையான் தின்றிருந்தது, உண்மைதான். மீதிப் பாதியில் 1973, 74 பஞ்ச காலத்தில் எந்த டிவிசனில் யார் யார் செத்தார்கள் என்று தோட்டத் தலைவர்கள் வந்து சொல்லச் சொல்ல எழுதிய பக்கங்கள் இருந்தன. இன்று அந்தப் பெயர்களைக் கேட்டு வருகிற பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு தாளும் நம்மிடம் இல்லை.

பழைய தாளைக் காப்பதைப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கவேண்டாம். தாள் இல்லாததால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரிந்த அளவு இந்நாட்டில் வேறு யாருக்கும் தெரியாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மிடம் தகப்பன் இங்கே பிறந்த அத்தாட்சியைக் கேட்டது. இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததைக் காட்டச் சொன்னது. லயத்தில் மருத்துவச்சி கையில் பிறந்த பூட்டனுக்கு எந்தக் கந்தோரில் பத்திரம்? அடுத்த வருடம் வந்த சட்டம், தொடர்ந்து இங்கே வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. எட்டு லட்சத்துக்கும் அதிகமானோருக்காக மனுப் போடப்பட்டது. கிடைத்தது ஒன்றரை லட்சத்துக்கும் குறைவானவர்களுக்கு. 2003ஆம் ஆண்டுச் சட்டமும் 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே இருந்தவர்கள், அவர்களுடைய சந்ததியினர் என்றுதான் வரையறுத்தது. அந்தத் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் திகதி.

அது பழைய கதை என்பீர்கள். சென்ற வருடம் நம் காரியாலயத்துக்கு ஓர் அக்கா வந்தார். முப்பத்து நான்கு வருடம் கொழுந்தெடுத்தவர். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர்; ஈ.பி.எப். காசு நின்றுபோனது. வேலைக்குச் சேர்ந்தபோது கொடுத்த சீட்டும் பழைய சந்தா அட்டையும் புருஷனின் தகரப்பெட்டியில் இருந்தனவாம். லயத்துக்குத் தகரம் மாற்றிய நாளில் மகன் அந்தப் பெட்டியைக் குப்பையோடு எரித்துவிட்டான். சத்தியக் கடதாசியும் சாட்சியுமாக அலைந்து காசு கைக்கு வர ஒன்றரை வருடம் போயிற்று.

1977லும் 1983லும் லயங்களுக்குத் தீ வைத்தவர்கள் பெட்டிகளையும் சேர்த்துத்தான் எரித்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்தன. அதைக் கண்ட தலைமுறையிலிருந்துதான் 2005இல் நூலகம் திட்டம் பிறந்தது. சம்பளம் இல்லாமல், வேலை முடிந்த இரவுகளில், இளைஞர்கள் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஒவ்வொரு பக்கமாக மின்பிரதி எடுத்து யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்தார்கள். மலையகத்து வெளியீடுகளும் அதில் சேர்ந்து வருகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை நம் மக்களின் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுச் சேர்த்ததும் யாரோ பணித்து அல்ல. சேர்க்காமல் விட்டிருந்தால் பாடியவர்களோடு அவையும் போயிருக்கும்.

ஆகவே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் மூன்று பேரை ஒதுக்கட்டும். ஒருவர் மாதர் தலைவி, ஒருவர் கையில் நல்ல போன் உள்ள பிள்ளை, ஒருவர் பழசு தெரிந்த பெரியவர். லயம் லயமாகப் போகவேண்டியது இவர்கள்தான்.

எந்த வீட்டின் மூலப் பத்திரத்தையும் வாங்கிக்கொண்டு வரவேண்டாம். இதில் நாம் கண்டிப்பு. ஆராய்ச்சி செய்கிறோம் என்று வந்தவர்களிடம் பாட்டியின் துண்டையும் பாஸ்போட்டையும் கொடுத்துவிட்டு இன்றுவரை காத்திருக்கும் குடும்பங்கள் நமக்குத் தெரியும். வாசலில் பகல் வெளிச்சத்தில் வைத்து, பிளாஷ் போடாமல், இரு பக்கமும் படம் எடுத்து, அங்கேயே திருப்பிக் கொடுங்கள். பழைய தாளை லெமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். பிறகு அதைக் கழற்ற முடியாது. நம் மலை ஈரத்துக்கு இறுகக் கட்டிய பொலித்தீன் பையும் ஆகாது, உள்ளே பூஞ்சணம் பிடிக்கும். காகித உறையில் போட்டு, நிலத்தில் படாமல் உயரத்தில் வைத்தால் போதும்.

போட்டோக்களின் பின்பக்கத்தில் பேனா வேண்டாம், பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்: யார், எந்த மலை, எந்த வருடம். கவ்வாத்து கோஷ்டிப் படத்தில் கங்காணியை எல்லோருக்கும் தெரியும். ஓரத்தில் நிற்கிற பெண் பிள்ளை யார் என்பது எண்பது வயது அப்பாயி ஒருவருக்குத்தான் தெரியும். காமன் கூத்து வாத்தியார்மார், ஒப்பாரி சொல்லும் அம்மாமார் ஆகியோரின் குரலையும் பதிந்துகொள்ளுங்கள், அவர்கள் சம்மதம் கேட்டு.

ஒன்று கவனம். அடையாள அட்டை இலக்கமோ கடன் கணக்கோ குடும்பச் சங்கதியோ உள்ள தாளை வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் போடக்கூடாது. நூறு வருடத்துக்கு முன் துண்டில் கங்காணி எழுதிய கடன்கூட ஒரு குடும்பத்துக்கு இன்றும் கூச்சமாக இருக்கலாம். காட்டலாமா என்று அவர்கள்தான் சொல்லவேண்டும்.

எடுத்த படங்களின் ஒரு பிரதி தோட்டக் கமிட்டியிடமும் ஒன்று நமது காரியாலயத்திலும் இருக்கும். வீட்டார் விரும்பினால் இன்னொரு பிரதியைப் பாரதெக்கவுக்கும் கொடுக்கலாம். காரியாலயத்தில் இதற்கென்று ஓர் இரும்பு அலுமாரி ஒதுக்கியாயிற்று. முதல் தட்டில் இப்போது இருப்பது விற்காமல் தப்பிய ஒரேயொரு கூட்டப் புத்தகம். அதில் கையொப்பமிட்ட தலைவர்கள் பதினொரு பேரில் நால்வரின் பெயரை நம்மால் வாசிக்க முடியவில்லை. அடுத்த சந்தா நாளில் அந்தப் பக்கத்தை மேசையில் விரித்து வைப்போம். அப்பாவின், தாத்தாவின் கையெழுத்தை அடையாளம் தெரிந்தவர்கள் வந்து பாருங்கள்.