எந்தக் கம்ப்யூட்டர் நல்ல கம்ப்யூட்டர்?



காலை பாசஞ்சர் கடலூர் துறைமுகம் சந்திப்பை விட்டு ஆலப்பாக்கம் வருவதற்குள் நம் பெட்டியில் சண்டை ஆரம்பித்துவிடும். கிரிக்கெட் சண்டை இல்லை, சினிமா சண்டையும் இல்லை. லேப்டாப் சண்டை! ஒருத்தன் டெல் என்பான், ஒருத்தன் ஹெச்.பி. என்பான். "லெனோவா கீபோர்டுக்கு ஈடு உண்டாடா?" என்பான் மூன்றாமவன். புதுச்சத்திரம் தாண்டினால் இன்டெலா, ஏ.எம்.டி.யா என்று பேச்சு திரும்பும். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி தடதடக்கும்போது, "விண்டோஸ் இல்லாத கம்ப்யூட்டர் எல்லாம் ஒரு கம்ப்யூட்டராடா?" என்று யாராவது கத்துவான். சிதம்பரத்தில் இறங்கும்போது யாரும் ஜெயித்திருக்க மாட்டார்கள்.

இதில் ஒரு விசேஷம். சண்டை போடுகிறவர்களில் பாதிப் பேரிடம் எந்த பிராண்டும் கிடையாது. போன வருடம் வரைக்கும் நானும் அந்தப் பாதியில் ஒருத்தன்தான். சத்தம் மட்டும் எல்லோரையும்விட அதிகமாகப் போட்டேன்.

என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட்டுக் கருத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தவன் நான் ஒருத்தன்தான். அப்பா கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஐஸ் உடைத்துப் படகில் ஏற்றுகிறார். அம்மா கூடையில் மீன் விற்கிறாள். டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸில் சேர்ந்த பிறகு, "லேப்டாப் இல்லாம இவன் எப்படிப் படிப்பான்?" என்று அப்பாவிடம் யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடைக்குப் போனார். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். கடையில் இருந்தது என்னைவிட நாலு வயசு பெரிய பையன். அவனை அப்பா "சார்" என்று கூப்பிட்டார். அன்றைக்கு எனக்கு வந்த கூச்சம் இன்னும் போகவில்லை.

அவன் காட்டியது 46,000 ரூபாய் மாடல். 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்.எஸ்.டி., விண்டோஸ் 11. "ஐயா, மொத்தமா வேணாம், மாசம் 3,833 ரூபா. 12 மாசம். வட்டியே கிடையாது" என்றான். வட்டி கிடையாது, ஆனால் ப்ராசஸிங் சார்ஜ் உண்டு. அதைக் கடைசியில் சொன்னான். அப்பா விரல் விட்டு எண்ணினார். பணத்தை எண்ணவில்லை, மாதத்தை எண்ணினார். "சித்திரை, வைகாசி வருதே" என்றார். கடைக்காரனுக்குப் புரியவில்லை.

நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு போகாவிட்டால் ஐஸ் எதற்கு? அரசு நிவாரணம் மீனவர் அட்டை இருப்பவர்களுக்கு. எங்கள் வீட்டில் அது இல்லை. 12 மாதத் தவணையை எந்த மாதத்தில் ஆரம்பித்தாலும் இந்த 61 நாள் நடுவில் வந்தே தீரும். வீட்டுக்கு வந்ததும் அம்மா காதில் கையை வைத்து, "இந்தத் தோட்ட வச்சா எவ்ளோ குடுப்பான்?" என்று கேட்டாள். எந்த பிராண்டு என்று அவள் கேட்கவில்லை.

அன்று இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 46,000 ரூபாயில் வரி மட்டும் 7,000 ரூபாய்க்கு மேல். அதற்குப் பிறகுதான் நாம் ரயிலில் போடும் சண்டையை முதல் தடவையாக நிதானமாக யோசித்துப் பார்த்தேன்.

பிராண்டு என்று எதைச் சொல்கிறோம்? மூடியில் இருக்கும் பெயரைத்தான். உள்ளே மூளை பெரும்பாலும் இன்டெல் அல்லது ஏ.எம்.டி. ரேம் சிப் பெரும்பாலும் சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றில் ஒன்று. பல கம்பெனிகளுக்குத் தைவான்காரர்கள்தான் பெட்டியையே செய்து கொடுக்கிறார்கள். உள்ளூர்ச் சங்கதியும் ஒன்று உண்டு. தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான சிவ் நாடார் 1976-இல் நண்பர்களோடு தொடங்கிய எச்.சி.எல்., நம் பக்கத்துப் புதுச்சேரி சேதராப்பட்டில் கம்ப்யூட்டர் செய்தது. 2013 வாக்கில் அந்தத் தொழிலையே விட்டுவிட்டது. ஐ.பி.எம்.மின் பி.சி. வியாபாரத்தை 2005-இல் வாங்கிய லெனோவாவுக்கும் புதுச்சேரியில் தொழிற்சாலை உண்டு. டெல் 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை திறந்தது. நாம் சீமைச் சரக்கு என்று நினைத்துச் சண்டை போடுகிறோம். ஸ்க்ரூ முடுக்குவது நம்ம ஊர்ப் பெண்கள்!

பிராண்டில் வித்தியாசமே இல்லை என்று சொல்லவில்லை. கீல், கீபோர்டு, சர்வீஸ் இதிலெல்லாம் வித்தியாசம் உண்டு. சர்வீஸ் சென்டர் கடலூரில் இருக்கிறதா, இல்லை சென்னைக்கு அனுப்பி ஒரு மாதம் காத்திருக்க வேண்டுமா என்பது பெரிய விஷயம். ஆனால் அதை நம்மில் எவன் கேட்கிறான்? 1990-களில் படித்த எங்கள் ஆசிரியர் ஒருவர் சொல்வார், அப்போதும் இதே சண்டைதானாம். கம்பெனி பி.சி.யா, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகம் வாங்கிச் சேர்த்த அசெம்பிள்டு பி.சி.யா? அந்தச் சண்டையிலாவது பெட்டியைத் திறந்து பார்த்தார்கள்.

அடுத்து ஓ.எஸ். விஷயம். நம் பாக்கெட்டைத் தொடுவது இதுதான். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்தியது; பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் ஒரு வருடம் பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்பு. சரி, விண்டோஸ் 11 போடலாமென்றால் டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி வேண்டும். ப்ராசஸரும் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெலில் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு முந்தியது எல்லாம் பட்டியலுக்கு வெளியே. மெஷின் நன்றாக ஓடும். ஆனால் "பழசு" என்று முத்திரை குத்தியாகிவிட்டது. வண்டி நல்ல நிலையில் இருக்கும்போதே எஃப்.சி. கிடையாது என்கிற மாதிரி.

அந்த மாதிரி முத்திரை குத்தின மெஷின் ஒன்று எங்கள் பெரியம்மா வீட்டுப் பரணில் கிடந்தது. அக்கா 2018-இல் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அக்கா மேலே படிக்கவில்லை. திருப்பூர் கம்பெனிக்குப் போய், பிறகு கல்யாணமும் ஆகிவிட்டது. 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், செத்துப்போன பேட்டரி. ஆன் செய்தால் டெஸ்க்டாப் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வரலாம். ஒரு கடையில் கேட்டேன். "500 ரூபா குடு தம்பி, கிராக் விண்டோஸ் 11 போட்டுத் தரேன்" என்றார்கள். வேண்டாம் என்று வந்தேன். யோக்கியன் என்பதால் இல்லை; அந்த 500-ஐ ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டி வரும் என்று சீனியர் அண்ணன் ஒருவர் சொல்லியிருந்தார்.

அந்த அண்ணன்தான் பென்டிரைவில் லினக்ஸ் மின்ட் ஏற்றிக் கொடுத்தார். நான் கல்யாணப் பந்தியில் பரிமாறப் போய்ச் சேர்த்த காசில் எஸ்.எஸ்.டி. 2,300 ரூபாய், பேட்டரி 1,600 ரூபாய். மொத்தம் 3,900. கடைக்காரன் சொன்ன ஒரு மாதத் தவணை!

இங்கே ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். எஸ்.எஸ்.டி. வருவதற்கு முன்னால் அவசரப்பட்டுப் பழைய டிஸ்கிலேயே லினக்ஸ் போட்டுப் பார்த்தேன். "டிஸ்கை முழுவதும் அழிக்கவா?" என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்த நான் சரியாகப் படிக்காமல் சரி என்று அழுத்திவிட்டேன். உள்ளே அக்காவின் கல்யாண போட்டோ அத்தனையும் இருந்தது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் அந்த அண்ணன் ஃபோட்டோரெக் என்கிற இலவச மென்பொருளைக் காட்டினார். ராத்திரி முழுக்க ஓடவிட்டு 300-க்கு மேல் படங்கள் திரும்பி வந்தன. எல்லாவற்றுக்கும் பெயர் போய் வெறும் எண்தான். தாலி கட்டுகிற படம் ஒன்று பாதி சாம்பல் நிறம். அக்காவிடம் சொல்லிவிட்டேன். திட்டினாள், பிறகு சிரித்தாள். லினக்ஸ் போடு, லினக்ஸ் போடு என்று மேடை போட்டுச் சொல்கிறவர்கள், முதலில் பேக்கப் எடு என்பதைச் சத்தமாகச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்: முதலில் பேக்கப் எடுங்கள்.

இப்போது அதே மெஷின் அரை நிமிடத்தில் திறக்கிறது. இந்தக் கட்டுரையே அதில் லிப்ரே ஆபீஸில், தமிழ்99 விசைப்பலகையில் அடித்ததுதான். (1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் முடிவான விசைப்பலகை அது. ரயிலில் சண்டை போடும் எத்தனை பேருக்குத் தெரியும்?) சர்க்யூட் வரைய கைகேட், கணக்குக்கு சைலேப், எல்லாம் இலவசம். ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் ட்யுடோரியலில் பல பாடங்கள் தமிழ்க் குரலிலேயே இருக்கின்றன. என் மாதிரி மெனுவைப் பார்த்தாலே வியர்க்கிறவனுக்கு அது பெரிய உதவி.

ஓடாதது எது என்றும் சொல்லிவிடுகிறேன். 8051 லேபுக்கு நாம் பயன்படுத்தும் கீல் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும்தான். லினக்ஸில் எஸ்.டி.சி.சி. கம்பைலர் இருக்கிறது, ஆனால் போர்ட் பின்னுக்குப் பெயர் வைக்கிற வரியை வேறு மாதிரி எழுத வேண்டும். வீட்டில் ஓடிய புரோகிராம் லேபில் பத்து எர்ரர் காட்டியது. அதனால் சாப்பாட்டு நேரத்தில் லேபில் உட்கார்ந்து கீலில் ஒருமுறை செய்து பார்க்கிறேன். ஆட்டோகேடும் லினக்ஸுக்குக் கிடையாது. சிவில், மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஃப்ரீகேட் போதும் என்று நான் புளுக மாட்டேன். வேலைக்குப் போகிற இடத்தில் ஆட்டோகேட்தான் கேட்பார்கள். உங்களுக்கு விண்டோஸ் வேண்டும். மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் ஆட்டோகேடை இலவசமாகவே தருகிறது, கிராக் தேவையில்லை.

ஆக, எந்தக் கம்ப்யூட்டர் நல்லது என்ற கேள்விக்கு முன்னால் எந்த வேலைக்கு என்று கேட்க வேண்டும். அதைக் கேட்கவிடாமல் நம் வாயை அடைப்பது பிராண்டு. விளம்பரம் அடைக்கிறது, கூடப் படிக்கிறவன் கிண்டல் அடைக்கிறது. பழைய அரசு லேப்டாப்பை வகுப்பில் எடுத்த அன்று, "ஏய், மியூசியத்துல இருந்து எடுத்துட்டு வந்தியா?" என்றார்கள். கிண்டலுக்குப் பயந்து அம்மாவின் தோட்டை அடகு வைத்த நண்பன் ஒருவனை எனக்குத் தெரியும். அவன் லேப்டாப் என்னுடையதைவிட நல்லது, சந்தேகமில்லை. அதில் அவன் செய்வது நான் செய்கிற அதே ரெக்கார்டுதான்.

அரசு லேப்டாப் திட்டம் தொடங்கியது 2011 செப்டம்பர் 15. ஆரம்பத்தில் வந்த மெஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. அந்தப் பக்கத்தை ஒரே ஒரு தடவை திறந்து பார்த்தவர்கள் எத்தனை பேர்? திறக்கச் சொல்லிக் கொடுத்த ஆள் யார்? குற்றம் மாணவர்மேல் இல்லை. பெட்டியைக் கொடுத்தார்கள், பழக்கிக் கொடுக்க ஆள் கொடுக்கவில்லை. கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு வருடத்தில் லேப்டாப் அல்லது டேப்லெட் என்று 2025 மார்ச் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல காரியம். ஆனால் அவரவர் முறை வரும்வரைக்கும் லேப் ரெக்கார்டு காத்திருக்காது. கைக்கு வந்த பிறகும், "உனக்கு எந்த பிராண்டு விழுந்துச்சு?" என்பதுதான் நாம் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கும்!

நம் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான். நம் வீடுகளில், அக்கா அண்ணன் வாங்கிய அரசு லேப்டாப்புகள் பரணில் எத்தனை கிடக்கின்றன என்று கணக்கெடுங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை லேபைத் திறந்து கொடுக்கும்படி முதல்வரிடம் பேசுங்கள். நாமே கழற்றி, துடைத்து, எஸ்.எஸ்.டி. போட்டு ஓடவைப்போம். எலக்ட்ரானிக்ஸ் டிபார்ட்மென்ட் என்று பெயர் வைத்துக்கொண்டு ஒரு பேட்டரி மாற்றக் கடைக்கு ஓடுவது நமக்கே நன்றாக இல்லை. மாலையில் ஒரு மணி நேரம் கூடுதலாக லேப் திறந்திருந்தால், வீட்டில் விண்டோஸ் இல்லாதவர்களுக்கு கீலும் ஆட்டோகேடும் அங்கேயே கிடைக்கும். ஐந்தே முக்கால் பாசஞ்சரை விட்டவர்களுக்கு பஸ் இருக்கிறது.

இதுவரை மூன்று மெஷின் பார்த்தாயிற்று. இரண்டு ஓடுகிறது. ஒன்றுக்குக் கீல் உடைந்து கட்டுக்கம்பி போட்டு நிற்கிறது. கொண்டுவருகிறவர்கள் காலை பாசஞ்சரில் இன்ஜினிலிருந்து நாலாவது பெட்டிக்கு வரலாம். சார்ஜரையும் மறக்காமல் எடுத்து வாருங்கள். போன வாரம் வந்தவன் மறந்துவிட்டு வந்தான்.