வண்டி பழக்கும் பெரியவர்களுக்கு ஒரு சொல்

எலும்பு முறிவுப் பிரிவில் சேர்க்கப்படும் இளைஞர்களின் கட்டிலருகே பெரும்பாலும் தந்தையோ மாமாவோ அண்ணனோ அமர்ந்திருப்பார்கள். இருபது, முப்பது ஆண்டுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டித் தேர்ந்தவர்கள். "எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை, டாக்டர்" என்று வருந்துவார்கள். என்ன சொல்லிக் கொடுத்தீர்கள் என்று அந்த வேளையில் கேட்பது முறையன்று. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் வண்டி பழக்குவது என்றால் கிளட்சை விடுவதும் கியர் மாற்றுவதும் தெருமுனை வரை சென்று திரும்புவதும்தான். அரைநாளில் முடிந்துவிடும். கூடவே ஓர் எச்சரிக்கை: "முன் பிரேக்கைத் தொடாதே, தூக்கியெறிந்துவிடும்." இது பாதி உண்மை, பாதி உண்மை என்பதாலேயே ஆபத்தானது. பிரேக் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது. முன் டயர் தரையில் அழுந்த, பின் டயரின் பிடிப்பு குறைகிறது. எனவே வண்டியை நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன் பிரேக்கில்தான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்தால் சக்கரம் இறுகி வழுக்கும்; வண்டி நிற்கவும் நெடுந்தூரம் ஆகும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறோம் என்பதை நினைவிற்கொள்க.

காலி மைதானத்தில், குறைந்த வேகத்தில், இரு பிரேக்குகளையும் சேர்த்துப் பிடித்து, முன் பிரேக்கைச் சிறிது சிறிதாக இறுக்கி நிறுத்தப் பழக்குங்கள். மணல் படிந்த வளைவிலும் மழை நனைத்த சாலையிலும் அதே கை ஏன் மென்மையாக வேண்டும் என்பதை அடுத்து விளக்குங்கள். வண்டியில் ஏ.பி.எஸ். இருந்தாலும் இப்பயிற்சி தேவையே. மகள்களுக்கும் இது பொருந்தும். ஸ்கூட்டருக்குக் கியர் இல்லை என்பதற்காகச் சாவியை மட்டும் கொடுத்துவிடுகிறோம்.

பிறகு சில வாரங்கள் உங்கள் வண்டியில் பின்தொடர்ந்து செல்லுங்கள். நின்ற பேருந்தின் முன்னிருந்து ஆள் குறுக்கே வரக்கூடும், லாரியின் இடப்பக்கம் ஓட்டுநர் கண்ணுக்கு எளிதில் தெரியாது என்பவையெல்லாம் அனுபவசாலிக்கு இயல்பாகிவிட்டவை. இளையவருக்கு யாரேனும் சொன்னால்தான் உண்டு. சாலையில் கத்த வேண்டாம், தேநீர்க் கடையில் நின்று பேசுங்கள். சரியாகச் செய்ததை முதலில் சொல்லுங்கள். நண்பர்கள் முன்னிலையில் திட்டு வாங்கியவன் அடுத்த முறை உங்களுடன் வரமாட்டான். அந்த நண்பர்களிடமே ஓட்டக் கற்பான்.

"விழுந்து எழுந்தால்தான் வண்டி பழகும்" என்பது மிதிவண்டிக் காலத்துப் பேச்சு. 150 சி.சி. வண்டிக்கு அது ஒவ்வாது.

தலைக்கவசம் தலைக்காயத்தின் வாய்ப்பை ஏறத்தாழ 69 விழுக்காடும் மரண வாய்ப்பை 42 விழுக்காடும் குறைப்பதாகப் பல ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு கூறுகிறது. ஆனால் பக்கத்துக் கடைக்குப் போகும் தந்தை அதைக் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு போவதையே பிள்ளை பார்க்கிறான். தாடைப் பட்டையை மாட்டாத தலைக்கவசம் விழும்போது கழன்று ஓடிவிடும்.

விபத்துக்குப்பின் வீடு திரும்பும் இளைஞர் குறித்தும் ஒன்று. "இனி வண்டியைத் தொடவே கூடாது" என்ற கட்டளை பெரும்பாலும் நிலைப்பதில்லை. வீட்டுக்குத் தெரியாமல் நண்பனின் வண்டியை எடுப்பதில் போய் முடிகிறது. எலும்பு கூடிய பிறகும் கைப்பிடி வலுவும் துணிவும் திரும்பச் சில காலம் ஆகும். எப்போது ஓட்டலாம் என்பதை மறுபரிசோதனையின்போது எங்களிடம் கேளுங்கள். அந்த முதல் நாளில் அவரைத் தனியே அனுப்பாதீர்கள்; நீங்களும் உங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் செல்லுங்கள்.