முத்திரை இல்லாத எடைக்கல்

வாலாஜாபேட்டைக் கடைத்தெருவில் ஓர் இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள ஈயத்தில் அரசு முத்திரை பதிந்திருக்கும். அதற்குக் காலக்கெடுவும் உண்டு. முத்திரை இல்லாத கல்லால் நிறுத்துக் கொடுத்தால் நாம் சும்மா இருப்போமா?

இணையத்திலும் இத்தகைய முத்திரை உண்டு. அதுவே பாதுகாப்புச் சான்றிதழ். 'இந்தப் பெயருக்கு உரிய கணிப்பொறி இதுவே' என்று, பிரவுசர் நம்பும் ஒரு நிறுவனம் மின்கையொப்பமிட்டுத் தருவது அது. அது இல்லையேல், நம் கடவுச்சொல் உரிய இடத்துக்குத்தான் போகிறதா என்று அறிய வழியில்லை.

இன்று பள்ளி மாணவர்களே ஒரு பழைய கணிப்பொறியைச் சர்வராக்கி இணையதளம் நடத்துகிறார்கள்; பாராட்டுவோம். ஆனால் 'இத்தளம் பாதுகாப்பானதன்று' என்று எச்சரிக்கை வந்தால், 'நம் சர்வர்தானே!' என்று அதைத் தாண்டிச் செல்லும் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இது தவறான பழக்கம் என்பதே என் கருத்து. எச்சரிக்கையைத் தாண்டுவதைவிடக் காரணத்தைத் தேடுவது கடினமான வேலையும் அன்று.

எல்லாத் தளங்களிலும் எச்சரிக்கை வருகிறதா? உங்கள் கணிப்பொறியின் தேதியைப் பாருங்கள். உள்ளிருக்கும் சிறு பாட்டரி தீர்ந்தால் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். நல்ல சான்றிதழும் 'இன்னும் தொடங்காதது' போல் தோன்றும்.

ஒரே தளத்தில் மட்டும் வருகிறதா? கோளாறு பெரும்பாலும் சர்வரில்தான். முதலில், கெடு முடிந்ததா என்று பாருங்கள். 'லெட்ஸ் என்கிரிப்ட்' அமைப்பு 2015 முதல் இலவசமாகத் தரும் சான்றிதழ்களுக்கு 90 நாள் கெடு என்பதே வழக்கமாக இருந்துவந்துள்ளது. புதுப்பித்த பிறகும் எச்சரிக்கை வந்தால், சர்வர் பழையதையே நினைவில் வைத்திருக்கலாம். அதை மறுபடி இயக்குங்கள். அடுத்து, சான்றிதழில் உள்ள பெயரும் நீங்கள் தட்டச்சு செய்த முகவரியும் ஒன்றா? ஒரு பிரவுசரில் திறந்து மற்றொன்றில் திறக்காவிட்டால், இடைநிலைச் சான்றிதழைச் சர்வரில் வைக்க மறந்திருக்கலாம். நீங்களே கையொப்பமிட்ட சான்றிதழா? அப்படியானால் அதைப் பள்ளிக் கணிப்பொறிகளின் நம்பிக்கைப் பட்டியலில் முறைப்படி சேருங்கள்.

இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்கிறீர்களா? நம் நாட்டிலேயே நடந்ததைக் கேளுங்கள். 2014 ஜூலை 2 அன்று, தன் தளங்களின் பெயரில் அனுமதியில்லாத சான்றிதழ்கள் உலவுவதைக் கூகுள் அறிந்தது. அவை தேசிய தகவலியல் மையத்தின் பெயரில் வெளிவந்தவை. விண்டோஸின் நம்பிக்கைப் பட்டியலில் இந்திய அரசின் மூலச் சான்றிதழ் இருந்ததால், பல கணிப்பொறிகள் அவற்றை மெய்யென்றே ஏற்றிருக்கும். சான்றளிப்போரை மேற்பார்க்கும் இந்தியக் கட்டுப்பாட்டாளர் மறுநாளே அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களைச் செல்லாதவையாக்கினார்.

அரசு முத்திரையே தவறானவர் கையில் சிக்கலாம். அப்போது அது திரும்பப் பெறப்படும். அந்தச் செய்தி நம்மை வந்தடைவது எப்படி? அதே எச்சரிக்கைப் பக்கமாகத்தான்! படிக்காமலே தாண்டப் பழகிய கண்ணுக்கு அதனால் என்ன பயன்?

ஆகவே கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் இதையும் ஒரு செய்முறைப் பயிற்சியாக்க வேண்டும். சோதனைச் சர்வர் ஒன்றில் ஆசிரியர் வேண்டுமென்றே ஒரு கோளாறு வைக்கட்டும். மாணவர்கள் எச்சரிக்கையைப் படித்துக் காரணத்தைக் கண்டுபிடிக்கட்டும். நாளை வங்கிக் கணக்கைத் திறக்கும்போது அந்தப் பழக்கமே அவர்களைக் காக்கும்.