எங்கள் வயல் நீர் எங்கே போகிறது?

மன்னாரில் தண்ணீரைப் பற்றிப் பேசாத கமக்காரர் வீடு இல்லை. குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறது, துருசு எப்போது திறப்பார்கள், வாய்க்காலில் அடுத்த முறை யாருக்கு என்று காலபோகம் முழுவதும் இதே பேச்சுத்தான். வயலுக்கு வரும் தண்ணீருக்கு இத்தனை கணக்கு வைத்திருக்கிறோம். வயலை விட்டுப் போகும் தண்ணீருக்கோ ஒரு கணக்கும் இல்லை. வரம்பை வெட்டிவிட்டால் அது வெறும் கழிவு. அது எங்கே போகிறது, யாருக்குப் போய்ச் சேருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை இனிமேல் கேட்டே ஆகவேண்டும்.

நாட்டின் இரண்டாவது நீளமான ஆறு எமது அருவி ஆறு. மல்வத்து ஓயா என்று தம்புள்ளைப் பக்கத்தில் தொடங்கி, அநுராதபுரத்தைக் கடந்து, 164 கிலோமீற்றர் ஓடி அரிப்புக்கு அருகே கடலில் கலக்கிறது. தேக்கம் அணைக்கட்டில் அந்த நீரை மறித்துக் கட்டுக்கரைக் குளத்துக்குத் திருப்புகிறார்கள். அங்கிருந்து சிறு குளங்களுக்கும் வாய்க்கால்களுக்கும் பிரிந்து வயல்களை அடைகிறது. வயல் குடித்து மிஞ்சிய நீர் மேற்கே, கடலை நோக்கி வடிகிறது. அந்தக் கரையில்தான் தரவைகளும் கண்டல் காடுகளும் வங்காலைச் சரணாலயமும் இருக்கின்றன. 4,839 ஹெக்டேயர் பரப்புள்ள அந்த இடம் 2008 இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010 இல் உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. பூநாரைகளும் வலசை வரும் தாராக்களும் அங்கே இரை தேடுகின்றன. இறால் குஞ்சும் மீன் குஞ்சும் வளர்வது அந்தக் கரையோரச் சேற்று நீரில்தான். அவற்றை நம்பித்தான் மீனவர் வீட்டில் உலை கொதிக்கிறது.

அப்படியானால் கமக்காரர் வெட்டிவிடும் ஒவ்வொரு வரம்பும் ஒரு மீனவரின் வலையோடு தொடர்புடையது. யூரியா வீசிய மறுநாள் மழை பெய்து, வரம்பை வெட்டிவிட்டால் உரம் தண்ணீரோடு போய்விடும். களைநாசினி அடித்த நீரும் அப்படியே. அந்த உரம் கரையோர நீரில் பாசியை வளர்க்கிறது. பாசி அழுகும்போது நீரில் உள்ள ஒட்சிசன் குறைகிறது, மீன் குஞ்சு மூச்சு முட்டிச் சாகிறது.

இதில் கமக்காரருக்கும் நட்டந்தான். 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது ஒரு பை யூரியாவின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. காசு கொடுத்து வாங்கிய உரத்தைக் கடலுக்கு அனுப்புவது எந்தக் கணக்கில் சரியாகும்?

“தண்ணீரை வடிக்காமல் வெள்ளாமை செய்ய முடியுமா?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் நனைந்தால் காலை விடாது. அறுவடை நேரத்தில் வயலில் நீர் நின்றால் வெட்டு மெசின் புதையும், சாய்ந்த கதிர் முளைத்துவிடும். ஆகவே வடிகால் வேண்டும். எப்போது வடிப்பது, எவ்வளவு வடிப்பது, எந்த வழியாக வடிப்பது என்பதில்தான் கவனம் தேவை.

உரம் வீசிய பின் சில நாட்களுக்கு வரம்பை அடைத்து வைக்கலாம். களைநாசினிக்கு அதன் போத்தலில் எழுதியுள்ள நாள்வரை காத்திருக்கலாம். கழிவு வாய்க்கால் தொடங்கும் இடத்தில் ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பலகையைப் பொருத்தினால், தேவையான அளவு நீரை மட்டும் விடலாம். அறுவடைக்குச் சுமார் இரண்டு கிழமைக்கு முன் பலகையைப் படிப்படியாக இறக்கினால் போதும். வாய்க்காலைத் துப்புரவாக்கும்போது அடிச்சேற்றை மட்டும் அள்ளி, கரையில் உள்ள புல்லை விட்டுவைக்க வேண்டும். மண் சரியாமல் காப்பதும் நீரில் வரும் வண்டலைத் தடுப்பதும் அந்தப் புல்தான். கடலோரத்தில் கழிவு வாய்க்காலை அளவுக்கு மிஞ்சி ஆழமாக்கினால் அதே வழியாக உவர் நீர் ஏறிவரும், கிணறும் கைக்கும். தரவையை நிரப்பி இன்னும் ஒரு துண்டு வயல் ஆக்கும் ஆசையையும் விடவேண்டும். வெள்ளம் வந்தால் இறங்கி நிற்க அந்த இடம் வேண்டும்.

வடிகாலில் பலகை வைப்பது உலகத்துக்குப் புதிதல்ல. ஐக்கிய அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றுப் படுகையின் வயல்களிலிருந்து வடியும் உரம் மெக்சிக்கோ வளைகுடாவில் கலந்து, கோடைதோறும் மீன் வாழ முடியாத ஒரு பரப்பை உண்டாக்குகிறது. அதைக் குறைக்க அங்குள்ள கமக்காரர் பலர் வடிகால் வாயில் பலகை வைக்கிறார்கள். நமது வளைகுடா அதைவிட மிகச் சிறியது.

முசலிப் பகுதிக்கு இது இன்னும் முக்கியம். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட எமது மக்களில் பெரும்பாலானோர், 2009 இல் போர் முடிந்த பின்னரே காணிகளைப் பார்க்கத் திரும்பினார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பராமரிப்பின்றிக் கிடந்த ஊரில் வீடும் வயலும் போலவே நீர் போகும் பழைய வழிகளும் காடு பற்றிக் கிடந்தன. கடன்பட்டு மீண்டும் கமம் தொடங்கிய குடும்பத்திடம், “நீங்களே செலவழித்துப் பலகை போடுங்கள்” என்று சொல்வது நீதியாகாது. பொது வாய்க்காலைத் திருத்துவதும், வீதிக்குக் கீழே போதிய அகலத்தில் மதகு வைப்பதும் அரசின் பொறுப்பு. கமக்காரர் தம் பங்கைச் செய்யவேண்டுமானால் அரசும் தன் பங்கைச் செய்யவேண்டும்.

மேல் வயலுக்கும் கீழ் வயலுக்கும் இடையிலான வழக்கு நமது மார்க்கத்துக்கும் புதிதல்ல. மதீனாவின் ஹர்ராப் பகுதியில் வாய்க்கால் நீர் பற்றி ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் பிணக்கு வந்தது. மேலே இருந்தவர் தம் தோட்டத்துக்குப் பாய்ச்சிவிட்டுப் பின்னர் அண்டை வீட்டாருக்கு நீரை விடவேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். மேலே இருப்பவருக்கு உரிமை உண்டு, கீழே இருப்பவர் மீது கடமையும் உண்டு. விடும் நீர் நஞ்சாக இருந்தால் அந்தக் கடமை நிறைவேறியதாகுமா? வங்காலையில் வலை வீசுபவரும் கீழே இருக்கும் அண்டை வீட்டார்தான்.

ஒவ்வொரு போகமும் தொடங்குமுன் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. துருசு திறக்கும் நாள், விதைக்கும் நாள், மாடு கட்டும் நாள் எல்லாம் அங்கே முடிவாகின்றன. எந்த நாட்களில் கழிவு வாய்க்காலுக்கு நீர் விடுவதில்லை என்பதையும் அங்கேயே முடிவு செய்யலாம். தனி ஒருவர் வரம்பை அடைத்தால் மேல் வயல் நீர் அவர் வயலில் தேங்கி நிற்கும். கமக்காரர் அமைப்பு சேர்ந்து அடைத்தால்தான் பயன்.

பெற்றோரே, அடுத்த கூட்டத்தில் இதை ஒருமுறை கேட்டுப் பாருங்கள். தோழிகளே, உயர்தரத்தில் விவசாய விஞ்ஞானம் படிக்கும் நாம் வாய்க்கால் நீரின் உவரை மாதம் ஒருமுறை அளந்து எழுதிவைக்கலாம். மூன்று போகத்துக் குறிப்பு கையில் இருந்தால் வாப்பாமாரும் கேட்பார்கள், உத்தியோகத்தரும் கேட்பார்கள். வயலுக்கு வரும் நீருக்குக் கணக்கு வைக்கத் தெரிந்த ஊர் இது. போகும் நீருக்குரிய கணக்கை நாம் தொடங்குவோம்.