திறப்பு விழாக்களுக்கு நடுவே மூடலுக்கும் ஒரு முறை வேண்டும்: பிடோக் குடும்பங்களின் பொது வேண்டுகோள்

சிங்கப்பூர்க் குடிமக்களில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனோரின் பங்கு 2014ஆம் ஆண்டில் 12.4 விழுக்காடாக இருந்து, 2024இல் 19.9 விழுக்காடாக உயர்ந்துவிட்ட நிலையில், 2030இல் அது ஏறத்தாழ 24 விழுக்காட்டை, அதாவது நால்வரில் ஒருவர் என்ற அளவை, எட்டும் என அரசாங்கமே கணித்துள்ளது. மூத்தோர் மிகுதியாக வாழும் வட்டாரங்களின் வரிசையில் பிடோக் முன்னணியில் நிற்பதை இவ்வட்டாரத்தார் எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. காலை ஒன்பது மணிக்குப் பேருந்து சந்திப்பு நிலையத்தையும் அதையொட்டிய உணவங்காடி நிலையத்தையும் பார்த்தால் போதும். இத்தேவைக்கு ஈடுகொடுக்க, 2025க்குள் 220 துடிப்பாக மூப்படைதல் நிலையங்கள், 2030க்குள் 31,000க்கு மேற்பட்ட தாதிமை இல்லப் படுக்கைகள், 2023இல் அறிவிக்கப்பட்ட முதுமைக்காலத் திட்டத்திற்குப் பத்தாண்டுகளில் 350 கோடி வெள்ளி என எண்கள் அடுக்கடுக்காக வெளியிடப்பட்டுள்ளன. இவை பாராட்டத்தக்கவை. ஆனால் இந்த எண்கள் அனைத்தும் திறப்பைப் பற்றியவை. திறக்கப்பட்ட ஓர் இடம் மூடப்பட நேரும்போது அங்குள்ள முதியவர் என்ன ஆவார் என்பதைக் குடும்பங்கள் கையில் எடுத்துப் படிக்கும்படியாக எவரும் எழுதித் தந்ததில்லை. அந்த எழுத்தைப் பெறுவதற்காகவே பிடோக்கின் மூத்தோர் குடும்பங்கள் சில ஒன்றுகூடி இவ்வேண்டுகோளைச் சக குடிமக்கள் முன் வைக்கின்றன.

இங்கு ‘மூடல்’ என்பது மூன்று வகை இடங்களைக் குறிக்கிறது. அடுக்குமாடிக் கட்டடங்களின் கீழ்த்தளங்களில் இயங்கி, நடமாடக்கூடிய மூத்தோர் கூடிப் பழகவும் உடற்பயிற்சி செய்யவும் உதவும் துடிப்பாக மூப்படைதல் நிலையங்கள் முதல் வகை; பிள்ளைகள் வேலைக்குச் செல்லும் நேரத்தில் தனியே விடமுடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்கள் இரண்டாம் வகை; இரவு பகலாகத் தாதியரின் கவனிப்புத் தேவைப்படுவோர் தங்கும் தாதிமை இல்லங்கள் மூன்றாம் வகை. கட்டடத்தை அரசாங்கம் கட்டி, நடத்தும் பொறுப்பை ஏலக்குத்தகை வழியாகத் தொண்டூழிய அமைப்புக்கோ தனியார் நிறுவனத்துக்கோ ஒப்படைக்கும் முறை இன்று பரவலாகிவிட்டதால், ஒப்பந்தக் காலம் முடிதல், ஆள் பற்றாக்குறை, கட்டடப் புதுப்பிப்பு, நோய்ப்பரவல் எனப் பல காரணங்களால் எந்த இடத்தின் கதவும் ஒருநாள் சாத்தப்படலாம். எந்த நிலையத்தையும் எக்காலத்திலும் மூடக்கூடாது என்று இக்குடும்பங்கள் வாதிடவில்லை. முறையின்றி மூடுவதைத்தான் எதிர்க்கின்றன.

முறையின்றி மூடினால் என்னாகும் என்பதற்கு 2020ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு பிப்ரவரி 15ஆம் நாள் ஜூரோங் சாஃப்ரா மன்றத்தில் நடந்த விருந்திலிருந்து கொவிட்-19 கிருமி பரவி, மூத்தோர் பலரைத் தொற்றியதைத் தொடர்ந்து, அரசாங்க அமைப்புகள் மூத்தோருக்காக நடத்திவந்த சமூக நடவடிக்கைகள் 14 நாள்களுக்கு நிறுத்தப்படும் என்று மார்ச் 10இல் அறிவிக்கப்பட்டு, மறுநாளே நடப்புக்கு வந்தது. பதினான்கு நாள் முடியும் முன்பே அது ஏப்ரல் 7 வரை நீட்டிக்கப்பட்டது. ஏப்ரல் 7இல் நோய்ப்பரவல் முறியடிப்புத் திட்டம் எனப்பட்ட நாடளாவிய முடக்கம் தொடங்கியதும் நிலையங்களில் வழங்கப்பட்ட சேவைகள் பெரும்பாலும் நின்றன. மே 4இல் முடியவிருந்த அத்திட்டம் ஜூன் 1 வரை நீண்டது. பதினான்கு நாள் என்று சொல்லப்பட்டது எண்பத்து மூன்று நாளாயிற்று, அதன் பிறகும் கதவுகள் சிறிது சிறிதாகவே திறந்தன. தாதிமை இல்லங்களில் ஏப்ரல் 2 முதல் பார்வையாளர்கள் தடுக்கப்பட்டனர். 2021 செப்டம்பர் 13இல் அதே தடை மீண்டும் வந்து, அதுவும் குறித்த நாளில் முடியாமல் நீட்டிக்கப்பட்டது.

கிருமித்தொற்றைத் தடுக்கக் கதவை மூட வேண்டியிருந்தது என்பதை எவரும் மறுக்கவில்லை. உயிர்கள் காக்கப்பட்டன, மூத்த தலைமுறைத் தூதர்கள் தொலைபேசியில் நலம் விசாரித்தனர், உணவுப் பொட்டலங்கள் வாசலுக்கு வந்தன. குறை வேறிடத்தில் இருக்கிறது. மூடல் ஒவ்வொரு முறையும் சில வார இடைநிறுத்தமாக மட்டுமே அறிவிக்கப்பட்டதால், நெடுங்கால மூடலுக்குரிய ஏற்பாடு எதையும் குடும்பங்கள் செய்துகொள்ள முடியவில்லை. விடுப்பு எடுப்பதா, பணிப்பெண் அமர்த்துவதா, அம்மாவை அண்ணன் வீட்டுக்கு அனுப்புவதா என்ற முடிவுகள் சில வாரக் கணக்கில் எடுக்கப்பட்டு, சில வாரத்துக்கு ஒருமுறை குலைந்தன. மனநலக் கழகம் நடத்தி 2015இல் வெளியான ஆய்வின்படி, 60 வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு மறதிநோய், அதாவது நினைவாற்றலையும் அன்றாடச் செயல்திறனையும் படிப்படியாகக் குறைக்கும் மூளைநோய், இருந்தது. அத்தகையோருக்கு நேர ஒழுங்கும் பழகிய முகங்களுமே ஊன்றுகோல், அவை நின்றபின் இழந்த திறன் திரும்புவது அரிது. எஸ்ஓஎஸ் எனப்படும் சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர் அமைப்பு வெளியிட்ட கணக்கின்படி, 2020இல் தம் உயிரை மாய்த்துக்கொண்ட 60 வயதுக்கு மேற்பட்டோர் 154 பேர். அது 1991க்குப் பிந்திய ஆக அதிக எண்ணிக்கை. ஒவ்வொரு மரணத்துக்கும் பல காரணங்கள் இருக்கும் என்பதால் நிலையங்களின் மூடலை மட்டும் குற்றஞ்சாட்டுவது அறிவுடைமை ஆகாது. ஆயினும் அந்த எண்ணைக் கண்ட பிறகும் மூடலை வெறும் நிர்வாகச் செய்தியாகக் கருதுவது அதைவிடப் பெரிய பிழை.

தமிழ் மூத்தோருக்கு இதில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. குடியிருப்பாளர்களில் இந்தியர் ஏறத்தாழ 9 விழுக்காட்டினர். ஐம்பது பேர் வரும் ஒரு நிலையத்தில் தமிழ் பேசுவோர் நான்கைந்து பேர் இருந்தால் அதுவே பெரிது. அந்த நால்வரும் ஒரு மேசையைச் சுற்றி அமரப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். ஒரு தொண்டூழியர் ‘பாட்டி, மாத்திரை சாப்பிட்டீங்களா’ என்று தமிழில் கேட்டதே ஒருவர் தொடர்ந்து வருவதற்குக் காரணமாக இருந்திருக்கும். மூடும் நிலையத்தின் ஐம்பது பேரை, காலியிடம் உள்ள ஐந்து நிலையங்களுக்குப் பிரித்து அனுப்பினால் கணக்கு சரியாகிவிடும், நால்வரும் நான்கு இடங்களில் மௌனமாகிவிடுவர். மாற்றிடத்தை வெறும் இருக்கைக் கணக்காகப் பார்க்கும் வழக்கம் இங்கேதான் மிகவும் வலிக்கிறது.

மூடலைச் செம்மையாகச் செய்ய முடியாது என்பதும் உண்மையன்று. பிரிட்டனில் ஏறத்தாழ 750 இல்லங்களில் 31,000 பேரைப் பராமரித்துவந்த சதர்ன் கிராஸ் நிறுவனம், கட்டடங்களை விற்று மீண்டும் வாடகைக்கு எடுக்கும் வணிக முறையில் சிக்கி 2011இல் நொடிந்தது; அந்த அதிர்ச்சிக்குப் பின் இயற்றப்பட்ட 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம், நடத்துநர் வீழ்ந்தால் தற்காலிகமாகப் பராமரிப்பை உறுதிசெய்யும் கடமையை உள்ளூராட்சி மன்றங்களின் மீது சுமத்தியது. பர்மிங்ஹம் நகரமன்றம் தன் முதியோர் இல்லங்களைப் படிப்படியாக மூடியதைப் பர்மிங்ஹம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பின்தொடர்ந்து பார்த்தபோது, போதிய அவகாசம் தந்து, ஒவ்வொருவரின் தேவையையும் தனித்தனியே மதிப்பிட்டு, நண்பர்களை இயன்றவரை ஒன்றாக இடம்மாற்றியதால் பெரும்பாலோரின் நிலை கெடவில்லை, சிலருக்கு மேம்பட்டது என்று கண்டனர். சிங்கப்பூரிலும் 2020 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டம், தங்கிப் பராமரிக்கும் ஓர் இடம் தடுமாறினால் வேறொருவரை நியமித்து நடத்தச் செய்யும் அதிகாரத்தைச் சுகாதார அமைச்சுக்கு அளிக்கிறது. தாதிமை இல்லத்துக்கு உள்ள அந்த அக்கறை, முதியவர் தினமும் நடந்து செல்லும் கீழ்த்தள நிலையத்துக்கும் நீளவேண்டும்.

ஆகவே, 2025 ஏப்ரலில் தொற்றுநோய்களுக்கென்று தனி அமைப்பு தொடங்கப்பட்டு அடுத்த பெருந்தொற்றுக்கான ஆயத்தங்கள் ஓரிடத்தில் திரட்டப்படும் இந்நேரத்திலேயே, மூடலுக்கான எழுத்துமூல நெறிமுறை ஒன்றைச் சுகாதார அமைச்சும் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பும் வெளியிட வேண்டும். அவசரக் காலம் தவிர்ந்த மூடல்களுக்குக் குறைந்தது மூன்று மாத முன்னறிவிப்பும், அவசரக் காலத்தில் மூடல் எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதற்கான உண்மையான மதிப்பீடும் அதில் இடம்பெற வேண்டும். மாற்றிடம் உறுதியாகும் வரை ஒருவரின் பெயரும் பட்டியலிலிருந்து நீக்கப்படக் கூடாது. ஒரே மொழி பேசுவோரைச் சேர்த்தே அனுப்ப வேண்டும். இடம்மாறிய ஆறு மாதத்துக்குப் பின்னும் ஒருவர் சென்று பார்க்க வேண்டும்.

இதைக் கேட்பது அமைச்சிடம் மட்டுமன்று. பெற்றோரைக் காலையில் நிலையத்தின் வாசலில் விட்டு மாலையில் அழைத்துச் செல்லும் பிள்ளைகளில் எத்தனை பேர், அந்நிலையத்தின் ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று ஒருமுறையேனும் கேட்டிருப்பார்கள்? தமிழ் அமைப்புகள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பரிசுப் பைகளோடு வந்து படம் எடுத்துச் செல்வதோடு தங்கள் கடமை முடிந்தது என்று கருதலாகாது. பிடோக், சாய் சீ, காக்கி புக்கிட், ஃபெங்ஷான் குடியிருப்பாளர்கள் தத்தம் நிலையத்தின் நடத்துநரிடம் மூடல் திட்டத்தை எழுத்தில் கேட்டுப் பெறவும், கிடைக்காதபோது அதனை நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சிக்குக் கொண்டுசெல்லவும் வேண்டும். இன்று கேட்காதவர்களுக்கு, கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்ட பிறகு கிடைக்கக்கூடிய பதில், காலியிடம் எங்கே இருக்கிறது என்பது மட்டுமே.