கட்டிவைத்த படகு

குடும்பத்தோடு கடலில் சுற்ற ஒரு மோட்டார் படகு வாங்க நினைப்பவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். பிறகு எத்தனை பேர் படுக்கலாம், சமையலறை உண்டா, இயந்திரம் ஒன்றா இரண்டா என்று கேட்கிறார்கள். மாதத்தில் எத்தனை நாள் இதை ஓட்டப்போகிறோம் என்பதைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்பவர்கள் குறைவு. முப்பது முதல் நாற்பது அடி வரை நீளமுள்ள, இரண்டு அறையும் இரண்டு டீசல் இயந்திரமும் கொண்ட படகைப் பொறுத்தவரை மற்ற எல்லாக் கணக்கும் இந்த ஒரு கேள்விக்குப் பிறகுதான். வெப்ப மண்டலக் கடலில் இப்படிப்பட்ட படகு ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதே அதிகம். வாரம் தவறாமல் ஓட்ட முடியாதவர் அதைத் தனியாளாக வாங்கக் கூடாது. மூன்று நான்கு குடும்பங்கள் பங்கு சேர்ந்து வாங்க வேண்டும். ஜொகூரின் உலு திராம் போன்ற உள்நாட்டு ஊரிலிருந்து இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இங்கே வீட்டு வாசலில் கடல் இல்லை. படகு ஓரிடத்தில், குடும்பம் ஓரிடத்தில். அந்தத் தூரம் எத்தனை கிலோமீட்டர் என்பது பெரிதல்ல. அது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சாக்காக மாறிவிடுகிறது என்பதுதான் பெரிது.

நீருக்கடியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கொட்டலசின் குஞ்சு கண்ணுக்கு எளிதில் தெரியாத அளவில் நீரில் மிதந்து அலைகிறது. ஒட்டிக்கொள்ள இடம் தேடும் பருவத்தில் அது தன் உணர்கொம்புகளால் பரப்பைத் தொட்டுத் தொட்டு நடந்து பார்க்கிறது. இடம் பிடித்துவிட்டால் ஒருவகைப் புரதப் பசையைச் சுரந்து தலையை அங்கே ஒட்டிவிட்டு, மேலே சுண்ணாம்பு ஓட்டைக் கட்டுகிறது. அதன் பிறகு தட்டினாலும் வராது. சுரண்டி எடுத்தாலும் வட்டமான அடித்தகடு வண்ணத்தின் மேலேயே நின்றுவிடும். நீர் வேகமாக ஓடும் பரப்பில் அந்தக் குஞ்சால் பிடித்து நிற்க முடியாது. அதற்கு வேண்டியது அசையாத பரப்பு. கட்டிப்போட்ட படகு அதற்குக் கிடைக்கும் மிக நல்ல வீடு. நம் பக்கத்துக் கடல்நீர் ஆண்டு முழுதும் ஏறக்குறைய 27 முதல் 30 பாகை வரை வெப்பத்தில் இருக்கிறது. குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்து இந்த வளர்ச்சியை நிறுத்தும். இங்கே நிறுத்த எதுவும் இல்லை. இதற்காக அடிப்பகுதியில் பூசும் செம்பு கலந்த ஆன்டிஃபவுலிங் வண்ணத்தின் வேலையையும் கவனிக்க வேண்டும். இன்று பலர் பூசும் வகை, படகு ஓட ஓட மேற்படலம் சிறிது சிறிதாகக் கரைந்து புதுப்படலம் வெளிவரும்படி செய்யப்பட்டது. படகு ஓடாவிட்டால் படலம் புதுப்பிக்கப்படாது. மேலே சேறும் பாசியும் படிந்து செம்பை மூடிவிடும். விலை கொடுத்துப் பூசிய மருந்து மூடி போட்ட புட்டியில் இருப்பதுபோல் ஆகிவிடுகிறது. முன்பு தகரம் கலந்த டிபிடி வண்ணம் இதைவிடக் கடுமையாக வேலை செய்தது. அது சிப்பி, நத்தை இனங்களையே கெடுத்ததால் அனைத்துலக ஒப்பந்தம் 2001-இல் உருவாகி, 2008 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. அந்தத் தடை சரியானது. அதன் விளைவாக இன்றைய வண்ணம் படகுக்காரரிடம் கொஞ்சம் உழைப்பைக் கேட்கிறது.

இயந்திர அறையிலும் இதே கதை. கடல்நீரை உறிஞ்சி இயந்திரத்தைக் குளிர்விக்கும் பம்புக்குள் இம்பெல்லர் என்ற ரப்பர் சக்கரம் உள்ளங்கை அளவில் இருக்கும். அதன் இதழ்கள் உறைக்குள் வளைந்து அழுந்தியபடிதான் நிற்கும். மாதக்கணக்கில் ஒரே நிலையில் நின்றால் வளைந்த இதழ் வளைந்தபடியே இறுகிவிடும். அடுத்த முறை இயந்திரத்தை இயக்கும்போது இதழ் முறியும், நீர் வராது, கவனிக்காவிட்டால் சில நிமிடங்களில் இயந்திரம் கொதித்துவிடும். முறிந்த துண்டு பெரும்பாலும் சூடாற்றியின் குழாய் வாயில் சிக்கியிருக்கும்; புது இம்பெல்லர் போட்டவர்கள் அதைத் தேடி எடுக்க மறந்தால் மறுபடியும் கொதிக்கும். எரிபொருள் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. உலு திராமைச் சுற்றி நிற்கும் செம்பனையின் எண்ணெய் இன்று டீசலிலேயே கலந்திருக்கிறது. 2019 முதல் போக்குவரத்துக்கான டீசலில் பத்து விழுக்காடு செம்பனை எஸ்டர். யூரோ 5 வகையில் ஏழு விழுக்காடு கலந்ததும் விற்கிறது. தினமும் நிரப்பித் தினமும் தீர்க்கும் லாரிக்கு இதனால் தொல்லை இல்லை. ஆனால் இந்த எஸ்டர் சாதாரண டீசலைவிட அதிகமாக ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாதி காலியாக நிற்கும் தொட்டியில் இரவுக் குளிரில் காற்றின் ஈரம் வியர்த்து அடியில் நீராகத் தேங்கும். நீரும் டீசலும் சந்திக்கும் அந்த விளிம்பில் நுண்ணுயிர்கள் வளரும். வடிகட்டியில் கறுப்புக் களிம்பாக அடைப்பது இவைதான். அடைப்பு தெரியவருவது படகுத்துறையில் அல்ல. அலை தொட்டியைக் குலுக்கி அடிக்கசடைக் கிளப்பும்போது, நடுக்கடலில்.

மின்கலம், நீர் இறைக்கும் பம்பு, மழை ஆகிய மூன்றும் சேர்ந்து செய்யும் கேடு தனி. ஜொகூரில் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மேல்தளத்து வடிகாலில் இலை அடைத்தால் நீர் உள்ளே இறங்கும். தானியங்கிப் பம்பு இறைத்து இறைத்து மின்கலத்தைத் தீர்க்கும். மின்கலம் தீர்ந்த பிறகும் மழை பெய்யும். ஓடும்போது மூழ்குவதைவிடக் கட்டிய இடத்திலேயே மூழ்கும் படகுகள் அதிகம் என்று அமெரிக்கப் படகுக் காப்பீட்டுக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது இங்கே நினைவில் கொள்ளத்தக்கது. உலோகம் அரிப்பதும் கவனிப்பில்லாமல் நடப்பது. சுழலியையும் அதன் தண்டையும் காக்க நீருக்கடியில் தன்னையே பலிகொடுக்கும் துத்தநாகக் கட்டி பூட்டுகிறோம். கடலில் அது நன்றாக வேலை செய்யும். ஜொகூர் ஆற்று வாயில் போன்ற உவர்ப்பு குறைந்த நீரில் துத்தநாகத்தின் மேல் ஒரு படலம் படிந்து அது சும்மா நின்றுவிடும்; அப்போது அரிப்பு சுழலிக்குப் போகும். அங்கே அலுமினியக் கட்டிதான் ஏற்றது. படகை மாதம் ஒருமுறையாவது பார்த்துப் பழகியவருக்கு இது தெரிந்திருக்கும். ஆண்டுக்கு இரண்டு முறை வருபவர் கட்டி தேயாமல் புதிதாகவே இருப்பதைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போவார்.

பணக் கணக்கில் ஒரு பொதுவிதி புழங்குகிறது: படகின் விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுச் செலவு என்று. பழைய படகு வாங்குபவரை இது ஏமாற்றும். புதிதில் பத்து லட்சம் ரிங்கிட் விலை போன படகு, இருபது ஆண்டு கழித்து இரண்டு லட்சத்துக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விலை இறங்கிவிட்டது, ஆனால் அதன் நீளம் குறையவில்லை, இயந்திரத்தின் உதிரி உறுப்பு மலிவாகவில்லை, கரையேற்றும் தூக்கி அடிக்கணக்கில்தான் காசு கேட்கிறது. செலவு பத்து லட்ச ரிங்கிட் படகின் செலவுதான். எரிபொருளையும் போட்டுப் பாருங்கள். டீசல் இயந்திரம் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு ஏறக்குறைய 0.2 லிட்டர் குடிக்கும். விரைந்து ஓட 400 குதிரைத்திறன் செலவானால் மணிக்கு 80 லிட்டர். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் மானியம் எடுக்கப்பட்டு, லிட்டர் 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ஆன அன்று, அந்த ஒரு மணி நேரம் 172 ரிங்கிட்டிலிருந்து 268 ஆனது. இதைப் பார்த்து ஓட்டத்தைக் குறைப்பதுதான் பலர் செய்வது. மிச்சமாவது டீசல், கூடுவது கொட்டலசும் களிம்பும் அரிப்பும். மெதுவாக ஓட்டினால் எரிபொருள் பல மடங்கு குறையும் என்பதால், குறைக்க வேண்டியது வேகத்தை. ஓட்டும் நாட்களை அல்ல.

அடிக்கடி ஓட்டினால் இயந்திரம் தேயாதா என்று கேட்பார்கள். தேயும். ஆனால் படகு டீசல் இயந்திரத்தைப் பிரித்துச் செப்பனிட ஏறக்குறைய 5000 மணி நேரம் என்று தொழிலில் பொதுவாகச் சொல்வார்கள். குடும்பப் படகு ஆண்டுக்கு நூறு மணி நேரம் ஓடினாலே அதிகம். அந்த வேகத்தில் தேய்ந்து தீர ஐம்பது ஆண்டு ஆகும். பெரும்பாலான உல்லாசப் படகுகளின் இயந்திரம் அப்படிப் போவதில்லை, துருப்பிடித்துத்தான் போகிறது. கோலா செடிலியின் மீன்பிடிப் படகுகள் நாள் தவறாமல் ஓடிக்கொண்டே பல ஆண்டு நிற்பதற்கு அவற்றின் இயந்திரம் உயர்ந்தது என்பது காரணமல்ல. தினமும் ஒருவர் அந்த அறைக்குள் இறங்குகிறார், கசிவைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். சரி, ஓர் ஆளை வைத்து வாரம் ஒருமுறை இயந்திரத்தை இயக்கிவிட்டால் போதாதா? போதாது. கட்டிய இடத்திலேயே சுமையில்லாமல் கால் மணி நேரம் ஓடும் டீசல் இயந்திரம் தேவையான சூட்டை எட்டாது. எண்ணெயில் சேர்ந்த ஈரம் ஆவியாகாது, எரியாத கரி புகைவழியில் படியும். அடிப்பக்கத்து வண்ணத்துக்கும் அதனால் பயனில்லை. சுமையோடு ஒரு மணி நேரமாவது நீரில் போய் வர வேண்டும்.

வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் எங்கே ஓட்டுவது என்ற கேள்வி நியாயமானது. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை மெர்சிங் பக்கம் தியோமானுக்கும் சிபு தீவுக்கும் குடும்பத்தோடு போவது முறையல்ல. படகை மெர்சிங்கில் வைத்தவர்களுக்கு ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு இப்படி நின்றே போகிறது. உலு திராம்காரர்களுக்கு இதற்கு நல்ல விடை கையருகே இருக்கிறது: தெப்ராவ் நீரிணையின் கிழக்குப் பாதியும் ஜொகூர் ஆறும். செனிபோங்கிலோ பெங்கெராங் பக்கத்துச் செபானா கோவிலோ படகு நின்றால், காற்று எப்படி அடித்தாலும் ஆறு அடைக்கலம் தரும். ஆற்றைக் கடக்கும் செனாய்–தெசாரு நெடுஞ்சாலைப் பாலத்தைக் காரில் கடப்பவர்கள் கீழே ஓடும் நீரின் அகலத்தைப் பார்த்திருப்பார்கள். அந்த ஆற்றங்கரையில்தான் போர்த்துகீசியர் 1587-இல் அழித்த ஜொகூர் லாமா கோட்டை இருக்கிறது. ஜொகூர் பாலத்துக்கு மேற்கே உள்ள புத்ரி ஹார்பர் அழகான மரினாதான். ஆனால் 1924-இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தில் படகுகள் கடக்க இருந்த நீர்ப்பூட்டு இரண்டாம் உலகப் போரின்போது அழிந்த பிறகு மீண்டும் கட்டப்படவில்லை. மேற்கே நிற்கும் படகு இந்த ஆற்றுக்கு வர வேண்டுமானால் சிங்கப்பூரையே சுற்ற வேண்டும். மரினாவின் அழகைப் பார்த்து நீரில் ஒரு நாளை இழக்கக் கூடாது.

ஆண்டுக்கு நான்கைந்து நாள் மட்டும் கடல் வேண்டும் என்பவர்கள் வாடகைப் படகு எடுப்பதே நல்லது. அதில் குறைவு ஏதும் இல்லை. ஆனால் வாடகைப் படகில் போகும் பிள்ளைக்குத் தீவு தெரியும், கடல் தெரியாது. ஆற்று வாயின் மணல்மேடு எந்த நேரத்தில் எவ்வளவு ஆழம், மீன் கூண்டுகள் எங்கே தொடங்குகின்றன, பாசிர் கூடாங்குக்கும் தஞ்சோங் லங்சாட்டுக்கும் வரும் கப்பல்களுக்கு எவ்வளவு தொலைவிலேயே ஒதுங்க வேண்டும் என்பதெல்லாம் அதே நீரில் திரும்பத் திரும்பப் போனால்தான் படியும். நம் தாத்தா பாட்டிகளில் பலர் கப்பலின் மேல்தளத்தில் படுத்து இந்த நாட்டுக்கு வந்தார்கள். வந்தபின் தோட்டத்துக்குள் போனவர்களுக்குக் கடலோடு வேறு உறவு இல்லாமல் போயிற்று. அந்த உறவு பேரப்பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரு பணக்காரர் மட்டும் பெறக்கூடியதாக அது இருக்க வேண்டியதில்லை.

பங்கு சேர்ந்தால் சண்டைதான் மிஞ்சும் என்பது கடைசி மறுப்பு, வலுவானதும்கூட. சீட்டுப் போன்ற கூட்டு கட்டிப் பணத்தை இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. கூட்டு நிதிகளைத் தடுக்க 1971-இலேயே சட்டம் வந்தது. ஆனால் அங்கே கெட்டது பங்கு அல்ல, எழுத்தும் கணக்கும் இல்லாத பங்கு. எழுத்தும் கணக்கும் இருந்தபோது என்ன நடந்தது என்பதையும் இந்தச் சமூகம் பார்த்திருக்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பால்மரத் தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்த்தார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கிப் பல தோட்டங்கள் அவர்கள் பெயருக்கு வந்தன. தோட்டத்தையே பங்கில் வாங்கியவர்களின் பிள்ளைகளால் ஒரு படகை வாங்க முடியாது என்று சொல்வதை ஏற்க முடியாது. கடல் தொழிலுக்கும் பங்கு புதிதல்ல. ஆங்கிலேயக் கப்பல் சட்டம் ஒரு கப்பலை 64 பங்காகப் பிரித்தது. தமிழ்நாட்டுக் கரையில் பிடித்த மீனில் படகுக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு பங்கு என்று இன்றும் பிரிக்கிறார்கள். படகுக்கு ஒதுக்கும் பங்கில்தான் அடுத்த ஆண்டின் பலகையும் வண்ணமும் வருகின்றன.

நான்கு குடும்பம் என்றால் மாதத்தில் ஆளுக்கு ஒரு வாரம். படகு வாரந்தோறும் ஓடும், செலவு நான்கில் ஒன்று. ஒப்பந்தத்தில் பராமரிப்புக்கான மாதத் தொகை ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியதாக இருக்கட்டும். தன் முறைக்கு வர முடியாதவர் அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். வாரம் காலியாகக் கூடாது. ஒவ்வொரு பயணத்தின் இயந்திர மணியும் தொட்டியின் அளவும் கண்ட கசிவும் ஒரு நோட்டில் எழுதப்பட வேண்டும். சண்டை பெரும்பாலும் யார் உடைத்தார் என்பதில் தொடங்குவதால் அந்த நோட்டுதான் சாட்சி. விலக நினைப்பவரின் பங்கை எந்த விலைக்கு, எத்தனை மாதத்துக்குள் மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பதை வாங்கும் நாளிலேயே வழக்கறிஞர் முன் எழுதிவிடுங்கள். நால்வரில் ஒருவராவது அடித்தள அறைக்குள் இறங்கிக் கையில் எண்ணெய் பட்டுக்கொள்ள விரும்புபவராக இருக்க வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.